உள்ளங்கைக்குள் அடங்கும் சார்ஜரும் அதன் சூடும்: கேள்வி பதில்

மின்வழங்கிகளை வடிவமைக்கும் தொழிலில் நெடுங்காலம் இருந்துவிட்டு, இப்போது காரைக்குடியில் வசித்து வருகிறேன். சார்ஜர்கள் எப்படி இவ்வளவு சிறிதாயின, ஏன் சுடுகின்றன என்று சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்றவரை இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கோட்டையூர், ஓய்வு பெற்ற மின் பணியாளர்): அந்தக் காலத்தில் டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பேட்டரி இல்லாமல் சுவர் மின்சாரத்தில் ஓட்ட வாங்கிய எலிமினேட்டரே செங்கல் கனம் கனக்கும். இன்று மடிக்கணினிக்கான 65 வாட் சார்ஜர் சட்டைப் பைக்குள் போய்விடுகிறது. அந்த இரும்பெல்லாம் எங்கே போயிற்று?

பதில்: ஐயா, அந்த எலிமினேட்டரில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர், சுவரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று மாறும் மின்சாரத்தை அப்படியே வாங்கி வேலை செய்தது. ஊருணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் இத்தனை குடம் நீர் வீடு வந்து சேர வேண்டும் என்றால், சில நடைதான் போக முடியும் என்பவருக்குப் பெரிய அண்டா வேண்டும். ஆயிரக்கணக்கான நடை போகக்கூடியவருக்குச் சிறு செம்பே போதும். டிரான்ஸ்ஃபார்மரில் கம்பி சுற்றப்பட்டிருக்கும் உள்ளகமும் இப்படித்தான்: ஒரு சுற்றில் அது சுமக்க வேண்டிய ஆற்றல் குறையக் குறைய அதன் உருவமும் குறையும்.

இன்றைய சார்ஜர், சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை முதலில், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் நான்கு டயோடுகள் கொண்ட பாலத்தின் வழியாக ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாக்கி ஒரு கெப்பாசிட்டரில் தேக்கிக்கொள்கிறது. பிறகு ஒரு மின்னணு ஸ்விட்ச் அதை நொடிக்கு ஒரு லட்சம் முறை அல்லது அதற்கும் மேலாக வெட்டி வெட்டி ஒரு சின்னஞ்சிறு டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்புகிறது. இந்த வேகத்தில் பழைய இரும்புத் தகடுகள் சுழல் மின்னோட்டத்தால் தாமே கொதித்துவிடும் என்பதால், மின்தடை மிகுந்த ஃபெரைட் என்னும் கறுத்த பீங்கான் போன்ற பொருளை உள்ளகமாக வைக்கிறார்கள். வெளிவரும் மின்சாரம் மீண்டும் நேராக்கப்பட்டுக் கேபிளுக்குப் போகிறது. வெளியீட்டு வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் அதைக் கவனித்து, சுவரோடு இணைந்த முன்பக்கத்துக்குச் செய்தி அனுப்பும் சிறு சில்லும் உண்டு. இரு பக்கங்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு இருக்கக் கூடாது என்பதால் அந்தச் செய்தி பெரும்பாலும் ஒளி வழியாகவே கடத்தப்படுகிறது.

கேள்வி (காரைக்குடி, பொறியியல் மாணவர்): பெட்டியின் மேல் கேலியம் நைட்ரைடு என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்களே, அது விளம்பரம் மட்டும்தானா?

பதில்: இல்லை தம்பி, அதில் உண்மையான பயன் இருக்கிறது. நான் மேலே சொன்ன மின்னணு ஸ்விட்சை, வழக்கமான சிலிக்கானுக்குப் பதிலாக இந்தப் பொருளால் செய்கிறார்கள். ஸ்விட்ச் திறந்த நிலையிலோ மூடிய நிலையிலோ இருக்கும்போது அதிகம் சுடுவதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் அந்த நொடியின் மிகச் சிறு துளியில்தான் வோல்டேஜும் மின்னோட்டமும் ஒருசேர அதன்மேல் நின்று, ஆற்றல் சூடாக வீணாகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இந்த இழப்பு உண்டு என்பதால், டிரான்ஸ்ஃபார்மரைச் சிறிதாக்க வேகத்தைக் கூட்டினால் சூடும் கூடிக்கொண்டே போகும். சிலிக்கான் ஸ்விட்சுகள் கொண்ட சார்ஜர்களைப் பெரும்பாலும் ஒரு லட்சம் ஹெர்ட்ஸ் அளவிலேயே நிறுத்திவைத்தது இந்தச் சிக்கல்தான்.

கேலியம் நைட்ரைடின் ஆற்றல் இடைவெளி (பொருளுக்குள் எலெக்ட்ரானை விடுவித்து மின்சாரம் கடத்த வைக்கத் தேவையான ஆற்றல்) 3.4 எலெக்ட்ரான் வோல்ட், சிலிக்கானுக்கு 1.1 மட்டுமே. அதனால் அதே வோல்டேஜைத் தாங்க மிகச் சிறிய ஸ்விட்ச் போதுமானதாகிறது. சிறியது என்றால் அதைத் திறந்து மூடத் தேவைப்படும் மின்னூட்டமும் குறைவு. ஆகவே அது விரைவாக மாறுகிறது, மாறும்போது வீணாவதும் குறைகிறது. நீல நிற எல்.இ.டி. விளக்குக்காக 2014 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டதே, அந்த விளக்கின் அடிப்படைப் பொருளும் இதுதான். எனினும், பெயரை மட்டும் அச்சிட்டுவிட்டு மற்ற பாகங்களில் சிக்கனம் பிடித்த சார்ஜர்களும் கடைகளில் இருக்கின்றன என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

கேள்வி (அதே மாணவர்): அப்படியானால் வேகத்தை இன்னும் கூட்டித் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவர முடியாதா?

பதில்: முடியாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன். முதலாவது, முன்பக்கத்தில் இருக்கும் அந்த உருளை வடிவக் கெப்பாசிட்டர். சுவர் மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது; அந்த இடைவெளிகளில் சார்ஜரைத் தாங்கிப் பிடிப்பது இதுதான். உள்ளே ஸ்விட்ச் எவ்வளவு வேகமாக இயங்கினாலும் இந்த இடைவெளி மாறாது, ஆகவே கெப்பாசிட்டரும் சிறுத்துவிடாது. 100 வோல்ட் நாடுகளிலும் அதே சார்ஜர் வேலை செய்ய வேண்டும் என்பதால் இதை இன்னும் பெரிதாகவே வைக்க நேர்கிறது. திறந்து பார்த்தால் உள்ளே இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

இரண்டாவது, உயிர்க்காப்பு. சுவரோடு தொடர்புள்ள பகுதிக்கும் உங்கள் கைக்கு வரும் பகுதிக்கும் இடையே, பாகங்களைப் பொருத்தியிருக்கும் போர்டின் பரப்பில் பல மில்லிமீட்டர் இடைவெளி விட்டாக வேண்டும். நல்ல சார்ஜரின் போர்டில் இந்த எல்லையை ஒட்டி ஒரு பிளவே வெட்டியிருப்பார்கள். தூசும் ஈரமும் சேர்ந்தாலும் மின்சாரம் தாவக் கூடாது என்பதற்காகத்தான். டிரான்ஸ்ஃபார்மருக்குள் சுற்றும் கம்பிக்கும் மூன்றடுக்கு உறை இருக்கும். இந்த இடத்தில் அளவைக் குறைப்பவர் விளையாடுவது பிறர் உயிரோடு.

கேள்வி (பள்ளத்தூர், கல்லூரிப் பேராசிரியை): மின்விசிறியும் இல்லை, காற்றுத் துளையும் இல்லை. உள்ளே உண்டாகும் வெப்பம் எப்படித்தான் வெளியேறுகிறது?

பதில்: அம்மா, சிறிய சார்ஜரின் திறமை வெப்பத்தை வெளியேற்றுவதைவிட, அதை உண்டாக்காமல் இருப்பதில்தான் பெரிதும் அடங்கியிருக்கிறது. 65 வாட் கொடுக்கும் சார்ஜரின் செயல்திறன் 88 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 9 வாட் உள்ளேயே சூடாகத் தங்கும். 93 விழுக்காடு என்றால் 5 வாட்டுக்கும் குறைவு. செயல்திறனில் ஐந்து புள்ளிகள் கூடியதும் வெப்பம் பாதியை நெருங்கிவிடுகிறது, பெட்டியைச் சிறிதாக்க இடம் கிடைப்பது அதனால்தான். வெளியீட்டுப் பக்கத்தில் டயோடுக்குப் பதிலாக மாஸ்ஃபெட் என்னும் மின்னணு ஸ்விட்ச் வைப்பதும் இதற்காகவே: 3.25 ஆம்பியர் பாயும்போது அரை வோல்ட் விழுங்கும் டயோடு ஒன்றரை வாட்டுக்கு மேல் வீணாக்கும், மாஸ்ஃபெட் அதில் சிறு பங்கையே வீணாக்கும்.

மிஞ்சும் வெப்பத்தைச் செம்பு அல்லது அலுமினியத் தகடுகள் ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்பி, மென்மையான வெப்பப் பட்டைகள் வழியாக உறையின் உட்சுவருக்குக் கொண்டு சேர்க்கின்றன. உறை முழுவதும் ஓரளவு சமமாகச் சூடானால்தான் அதன் மேற்பரப்பு முழுவதும் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்க முடியும். ஒரு மூலை மட்டும் கொதித்தால் மற்ற பரப்பெல்லாம் வீண்.

கேள்வி (தேவகோட்டை, கைப்பேசிப் பழுதுபார்ப்பவர்): சில சார்ஜர்களைத் திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் ரப்பர் போன்ற பசை ஊற்றியிருக்கிறார்கள். பழுது பார்க்க அதைச் சுரண்டி எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம் அண்ணே. அது வெப்பத்தைக் கடத்தும் சிலிக்கோன். காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். இந்தப் பசை அதைவிட இருபது முப்பது மடங்கு நன்றாகக் கடத்துவதால், பாகங்களுக்கும் உறைக்கும் இடையே உள்ள காற்று இடைவெளியை இதைக் கொண்டு நிரப்புகிறார்கள். கீழே விழுந்தால் டிரான்ஸ்ஃபார்மர் ஆடிப் பற்றவைப்பு விட்டுப்போகாமலும் இது காக்கிறது. சுரண்டிவிட்டு மூடினால் சார்ஜர் ஓடும், ஆனால் முன்பைவிடச் சூடாக ஓடும். மேலும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் முன்பக்கக் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம் என்பதால், மீட்டர் வைத்துப் பார்க்காமல் விரலை உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி (கண்டனூர், ஓர் ஆச்சி): பேரன் சார்ஜரை மெத்தை மேலேயே போட்டுவைக்கிறான். தொட்டால் சுடுகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: ஆச்சி, முழுச் சுமையில் ஓடும்போது உறை 60 பாகை செல்சியசைத் தாண்டுவது உண்டு, வெப்பம் வெளியே வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் மெத்தையோ தலையணையோ மூடிக்கொண்டால் வெளியே போக வழியில்லாமல் உட்பகுதி கொதிக்கும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது தொழிலில் உள்ளவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. நம் வீட்டு ஆத்தங்குடிப் பூக்கல் தரையில் வைக்கச் சொல்லுங்கள்; கல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், காற்றும் படும். பிளாஸ்டிக் கருகும் வாடை அடித்தாலோ உறை நிறம் மாறினாலோ மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிடுங்கி எறிந்துவிடுங்கள்.

கேள்வி (கானாடுகாத்தான், பழைய வீட்டில் தங்கும் விடுதி நடத்துபவர்): விருந்தினர்கள் வெறுங்காலோடு தரையில் நின்று மடிக்கணினியைத் தொட்டால் விரல் சுறுசுறுவென்று இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: இரண்டு பக்கங்களுக்கும் இடையே மின் இரைச்சலை அடக்குவதற்காக ஒரு சிறு கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள், அதன் வழியே மிகச் சிறிதளவு மின்னோட்டம் கசியும். முறையான சார்ஜரில் இது கால் மில்லியாம்பியருக்குள் அடங்கும், கூச்சம் தருமே தவிரத் தீங்கு செய்யாது. மூன்று முள் கேபிளும் சரியான எர்த்தும் இருந்தால் இந்தக் கூச்சம் பெரும்பாலும் மறைந்துவிடும். பழைய வீடுகளில் முகப்பிலும் பட்டாலையிலும் பிற்பாடு மாட்டிய சாக்கெட்டுகளில் எர்த் துளை இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. எலெக்ட்ரீசியனைக் கூட்டி அதை முதலில் பார்த்துவிடுங்கள். கூச்சத்தைத் தாண்டி வெடுக்கென்று அடித்தால் அந்தச் சார்ஜரை உடனே ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி (அரியக்குடி): மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த சார்ஜரை இங்கே பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாக. அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பட்டை முள்ளுக்கான மாற்று பிளக் மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்த முள்ளில் சார்ஜரைவிட அதிகச் சூடு உண்டாகும்.

கேள்வி (புதுவயல், அரிசி ஆலை அலுவலகம்): ஆலை ஓடும்போது வோல்டேஜ் 160க்கு இறங்கிவிடுகிறது. சார்ஜர் கெட்டுப்போகுமா?

பதில்: பெரும்பாலான சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், எனவே கெடாது. ஆனால் அதே 65 வாட்டைக் கொடுக்க 160 வோல்ட்டில் ஏறத்தாழ 1.44 மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். முன்பக்கக் கம்பிச் சுருள்களில் வீணாகும் வெப்பம் இரு மடங்காகும். வோல்டேஜ் குறைவதைவிட நியூட்ரல் கம்பி அறுந்து வோல்டேஜ் ஏறுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. 400 வோல்ட் வரை தாங்கும் கெப்பாசிட்டர் வைத்த சார்ஜருக்கு, சுவரில் 283 வோல்ட்டைத் தொட்டாலே அந்த வரம்பு வந்துவிடும். ஆலை இணைப்பில் உயர் வோல்டேஜ் வந்தால் துண்டிக்கும் சாதனம் ஒன்றைப் போட்டுவிடுவது நல்லது.

கேள்வி (காரைக்குடி, கைப்பேசிக் கடைக்காரர்): வாடிக்கையாளர்களுக்கு நல்ல சார்ஜரை எப்படி அடையாளம் காட்டுவது?

பதில்: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண், ஆர் என்ற எழுத்தில் தொடங்கி, உறையின் மேலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும், அந்த எண்ணை அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால் தயாரிப்பாளர் யார் என்று தெரியும். அடுத்து, வெளியீட்டு வரிகளைப் படியுங்கள். 5, 9, 15, 20 வோல்ட் ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்று தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். மொத்த வாட்டை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். மூன்று துளை வைத்த சார்ஜரில் மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தினால் எது எவ்வளவு பெறும் என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். 60 வாட்டுக்கு மேல் போக 20 வோல்ட்டில் 3 ஆம்பியருக்கு அதிகமாகத் தாங்கும், எவ்வளவு தாங்கும் என்று சார்ஜருக்குச் சொல்லும் அடையாளச் சில்லு உள்ளே வைத்த டைப் சி கேபிளும் தேவை. அதைச் சேர்த்தே விற்றுவிட்டால், 65 வாட் சார்ஜர் வாங்கியும் மடிக்கணினி மெதுவாக ஏறுகிறது என்று அவர் உங்கள் கடைக்குத் திரும்பி வர மாட்டார்.