ஐஸ் டீ கலங்காமல், கசக்காமல் வீட்டில் போடுவது எப்படி?

கேள்வி: தருமபுரியில் இருக்கிறோம். வீட்டில் ஐஸ் டீ போட்டால் கலங்கலாகவும் கசப்பாகவும் வருகிறது. தெளிவாக வர என்ன செய்யணும்? எத்தனை விதமாகப் போடலாம்?

பதில்:

டீத்தூளை மாற்றுவதற்கு முன்னால் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். அதிலிருக்கும் சுண்ணாம்பு, டீயின் துவர்ப்போடு சேர்ந்து மேலே பளபளவென்று ஆடை கட்டும், நிறத்தையும் மங்கலாக்கும். பால் டீயில் இதெல்லாம் மறைந்துவிடும். கண்ணாடி டம்ளரில் ஊற்றும் கறுப்பு டீயில் மறைக்க ஒன்றும் இல்லை. தண்ணீரில் இரும்பு இருந்தால் டீ மை நிறத்துக்குப் போய்விடும்.

ஆர்.ஓ தண்ணீர் அல்லது ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் எடுங்கள். ஒகேனக்கல் தண்ணீர் என்றாலும், உங்கள் ஊர் டேங்கில் போர் தண்ணீரையும் கலந்து விடுகிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டும் இல்லையென்றால், போர் தண்ணீரை 5 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, அடியில் படிந்த வெள்ளையைக் கலக்காமல் மேலாக இறுத்துக்கொள்ளுங்கள்; சுண்ணாம்பு ஓரளவு குறையும். ஆனால் நம்ம பக்கத்துப் போர் தண்ணீரில் பல இடங்களில் இருக்கும் ஃபுளோரைடு (அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் உப்பு) இப்படிப் போகாது. கொதித்துத் தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். டீ இலையிலேயே ஃபுளோரைடு உண்டு, முற்றிய இலையில் இன்னும் அதிகம். அதனால் நம்ம பக்கத்தில் ஃபுளோரைடு உள்ள போர் தண்ணீரில் டீ போட்டு வெயில் காலம் முழுக்க லிட்டர் கணக்கில் குடிப்பது வேண்டாம், குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்தது தூள். தினமும் பால் டீக்குப் போடும் குருணைத் தூள் சீக்கிரம் சாறு இறக்கிவிடும், கடுப்பும் கூட. ஐஸ் டீக்கு நீலகிரி இலை டீ நன்றாக வரும். பாக்கெட்டில் 'ஆர்த்தடாக்ஸ்' என்று போட்டிருக்கும். ஆறினாலும் அவ்வளவாகக் கலங்காது என்பதால்தான் ஐஸ் டீக்கு நீலகிரி இலைக்குத் தனிப் பெயர். குருணைத் தூள்தான் இருக்கிறதென்றால், கீழே சொல்லும் அளவில் மூன்றில் இரண்டு பங்கு போட்டு, ஊறும் நேரத்தைப் பாதியாக்குங்கள்.

நல்ல தண்ணீரிலும் கலங்கினால் காரணம் வேறு. சூட்டில் கரைந்திருக்கும் கஃபீனும் துவர்ப்புப் பொருட்களும், டீ குளிரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிந்து நிற்கும். அதுதான் அந்தப் பால் படிந்த மங்கல். டிக்காஷன் எவ்வளவு கடுப்போ அவ்வளவு கலங்கும். கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்ட வேண்டாம்; கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இனி போடும் முறைகள். உடனே வேண்டுமென்றால் சூட்டோடு ஐஸில் ஊற்றுவது. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்த பிறகு 10 கிராம் இலையைப் போட்டு மூடி, நான்கே நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் கசப்பு அங்கேயே வந்துவிடும். வடிகட்டியில் நிற்கும் இலையைக் கரண்டியால் அழுத்திப் பிழியாதீர்கள், கடைசியாக இறங்குவது கடுப்புச் சாறுதான். வடித்ததை அரை கிலோ ஐஸ் மேல் ஊற்றுங்கள். 'அவ்வளவு ஐஸா' என்று தோன்றும். 90 டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் டீ 5 டிகிரிக்கு இறங்க, ஏறக்குறைய 500 கிராம் ஐஸ் முழுசாக உருக வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜ் டிரேயில் பெரும்பாலும் 200, 250 கிராம்தான் பிடிக்கும், ஆக இரண்டு டிரே. உருகிய ஐஸும் டீயில்தான் கலக்கிறது, அதனால்தான் முதலில் இரண்டு மடங்கு கெட்டியாகப் போடுகிறோம். நாலு கட்டி ஐஸைப் போட்டுவிட்டு 'சப்பென்று இருக்கு, குளிரவும் இல்லை' என்பவர்கள் தடுக்கி விழுவது இந்தக் கணக்கில்தான். ஐஸும் நல்ல தண்ணீரில் வைத்ததாக இருக்கட்டும்.

ஐஸ் அவ்வளவு இல்லையென்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 9, 10 கிராம் இலை, அதே நான்கு நிமிடம். வடிகட்டி, அறைச் சூட்டுக்குத் தானாக ஆறவிட்டு, பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள். டம்ளருக்கு இரண்டு மூன்று கட்டி ஐஸ் போதும். சூட்டோடு ஃப்ரிட்ஜில் தள்ளினால் கலங்குவது கூடும்.

பச்சைத் தண்ணீரில் ஊறவைக்கும் முறைதான் என் கணக்கில் நமக்கு ஏற்றது. மூடியுள்ள எவர்சில்வர் தூக்கிலோ கண்ணாடி ஜாடியிலோ 1 லிட்டர் ஆர்.ஓ தண்ணீர், 10 கிராம் இலை. ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால் 8 மணி நேரத்தில் ரெடி. குளிர்ந்த தண்ணீரில் துவர்ப்பும் கஃபீனும் குறைவாகத்தான் இறங்கும். அதனால் கசப்பு இல்லை, கலங்கலும் இல்லை, சர்க்கரையும் பாதி போதும். மணம் கொஞ்சம் மெலிசு, அதுதான் ஒரே குறை. தண்ணீர் கொதிக்காததால் அது குடிக்கத் தகுந்த சுத்தமான தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். காலையில் இலையை வடித்து எடுத்துவிடுங்கள். குருணைத் தூளை இப்படி ஊறவைத்தால் அடியில் சகதி நிற்கும், வெள்ளைத் துணியில் இரண்டு தடவை வடிக்க வேண்டிவரும்.

ஜாடியை மொட்டை மாடி வெயிலில் வைத்து ஊறவைக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். வேண்டாம். வெயிலில் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் நிற்கும். கிருமி சாகும் அளவு சூடு அல்ல, வளரத் தோதான சூடு.

சர்க்கரையை ஐஸ் டீயில் நேராகப் போட்டால் கரையாமல் அடியில் நிற்கும். அதனால் பாகாகக் காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள்: 200 கிராம் சர்க்கரை, 200 மில்லி தண்ணீர். கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள், கம்பிப் பதம் தேவையில்லை. 250 மில்லி டம்ளருக்கு 20 மில்லியில் ஆரம்பித்துப் பாருங்கள். வெல்லப் பாகு போட்டால் மண் போக வடிகட்டணும். டீ மணத்தை அது அமுக்கிவிடும் என்பதால் இஞ்சி டீக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இஞ்சி ஒரு அங்குலத் துண்டு, இடித்து, இலை போடும் முன்பே தண்ணீரில் 3 நிமிடம் கொதிக்கணும்.

எலுமிச்சை லிட்டருக்கு ஒன்றரைப் பழம், டீ ஆறிய பிறகு. புளிப்பு பட்டதும் நிறம் பொன்னிறமாக வெளுக்கும், அது குறை இல்லை. கொட்டையும் தோலின் வெள்ளைப் பகுதியும் விழுந்தால் கசக்கும். கசப்பை எடுக்கச் சிலர் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுவார்கள். கசப்பு குறையும், கூடவே சுவையும் மழுங்கும்; எலுமிச்சை பிழிகிற டீயில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். புதினாவைக் கொதிக்கவிடாமல் கையால் கசக்கி ஆறிய டீயில் போடுங்கள், அரை மணியில் எடுத்துவிடுங்கள்.

மாம்பழ சீசனில் கடையில் விற்கும் 'மேங்கோ ஐஸ் டீ' பவுடரை வாங்காதீர்கள், அது பெரும்பாலும் சர்க்கரைதான். கிருஷ்ணகிரி பக்கம் பெங்களூரா மாம்பழம் மலிவாகக் கிடைக்கும்போது, நன்றாகப் பழுத்த ஒன்றை அரைத்து, நார் போக வடித்து, 200 கிராம் கூழை 1 லிட்டர் குளிர்ந்த டீயில் கலக்குங்கள். அதன் லேசான புளிப்பு டீக்குப் பொருந்தும். மல்கோவாவோ அல்போன்சாவோ போட்டால் மாம்பழ ஜூஸ்தான் குடிப்பீர்கள், டீ இருப்பதே தெரியாது. கூழ் அடியில் தங்கும், குலுக்கி ஊற்றணும். இந்த டீயில் தெளிவை எதிர்பார்க்க முடியாது. காயாகத்தான் கிடைக்கிறதா? கால் கிலோ மாங்காயை நறுக்கி 300 மில்லி தண்ணீரில் 10 நிமிடம் வேகவைத்து வடித்த சாற்றை எலுமிச்சைக்குப் பதில் ஊற்றலாம். உப்பு ஒரு சிட்டிகை.

பால் ஊற்றிய ஐஸ் டீ என்றால் மட்டும் குருணைத் தூளே சரி: 200 மில்லி தண்ணீரில் 6 கிராம் தூள், 2 நிமிடக் கொதி, வடித்துச் சர்க்கரை சேர்த்து ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பால் 150 மில்லி, ஐஸ். எலுமிச்சை பக்கமே போகக் கூடாது, திரிந்துவிடும்.

எலுமிச்சை, பழக்கூழ், பால் எது சேர்த்தாலும் அன்றைக்கே குடித்துவிடுங்கள். எதுவும் சேர்க்காத டீ ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் இரண்டு நாள் நிற்கும். நூல் மாதிரி இழுத்தாலோ புளித்த வாசம் வந்தாலோ கொட்டிவிட்டு, பாத்திரத்தை வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள்.