ஒத்து ஊதுவது இழிவான வேலையா?

கேள்வி: “அவன் அவருக்கு ஒத்து ஊதுறான்” என்று ஊரில் சொல்கிறார்கள். கோணேசர் கோயில் திருவிழாவில் நாதஸ்வரம், தவில், தாளம் எல்லாம் பார்க்கிறேன். ஒத்து என்று எதையும் காணோம். அது என்ன வாத்தியம்?
– வாசகர், உப்புவெளி

பதில்: அந்த இடத்தில் இப்போது சுருதிப்பெட்டி இருக்கிறது. முன்பு நாதஸ்வரக்காரரின் பக்கத்தில் ஒருவர் நின்று ஒத்து ஊதுவார். பார்வைக்கு அதுவும் நாதஸ்வரம் போலத்தான்: மேலே ஊதும் நாக்கான சீவாளி, கீழே விரிந்த வாயான அணசு. வேறுபாடு துளையில். நாதஸ்வரத்தில் விரல் வைத்து வாசிக்க 7 துளைகள் உண்டு. ஒத்தில் விரலுக்கு வேலையே இல்லை. அடிப்பக்கத்தில் சில துளைகள் மட்டும் இருக்கும். அவற்றை மெழுகால் அடைத்துச் சுருதி கூட்டுவார்கள். அடைத்தால் சுருதி இறங்கும், மெழுகை எடுத்தால் ஏறும்.

அதில் பிறப்பது ஆதார சட்சம், அதாவது ‘ச’ என்ற அடிப்படைச் சுரம், ஒன்றுதான். மேளம் தொடங்கியதிலிருந்து ஓயும்வரை அந்த ‘ச’ அறுபடக்கூடாது. அப்படியானால் மூச்சை எப்போது எடுப்பது? கன்னத்தில் காற்றைச் சேர்த்து வைத்து, அதைக் கன்னத்தாலேயே அமுக்கிக் குழலுக்குள் தள்ளும் அதே நொடியில் மூக்கால் உள்ளிழுக்க வேண்டும். பழகிப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு கிளாசில் பாதி தண்ணீர் விட்டு, ஸ்ட்ரோவால் குமிழி நிற்காமல் ஊதட்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் குமிழி அறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: கன்னத்துக் காற்று முழுக்கத் தீர்ந்த பிறகு மூச்சை இழுக்கப் பார்ப்பார்கள். பாதி இருக்கும்போதே இழுக்க வேண்டும். ஊதும் அழுத்தமும் மாறக்கூடாது. கூடினால் சுருதி ஏறிவிடும், தளர்ந்தால் விழுந்துவிடும். சீவாளி காய்ந்துபோனாலும் ஒலி கெடும்.

இவ்வளவு கடினமான வேலைதான் வசைச்சொல்லாகிப் போயிற்று. தனக்கென்று ராகம் இல்லை, இன்னொருவர் வாசிப்புக்கு ஒரே ஒலியில் துணை நிற்பது என்ற வெளித்தோற்றத்தை மட்டும் பேச்சுவழக்கு எடுத்துக்கொண்டது. ஒத்துக்காரருக்கு இது அநியாயம் என்பதே என் எண்ணம். அவர் பிசகினால் நாதஸ்வரக்காரருக்கு நிற்க நிலம் இல்லை.

இனி வழக்கு. ‘யாருக்கு’ என்பது கட்டாயம் வேண்டும்: “முதலாளிக்கு ஒத்து ஊதினார்”. யோசித்துப் பார்த்து ஒருவர் உடன்பட்டால் அது ஒத்து ஊதுவது அல்ல, ஒத்துப்போவது. கூட நின்று வேலை செய்தால் ஒத்துழைப்பது. மூன்றிலும் இருப்பது ‘ஒத்து’த்தான், ஆனால் முதலாவதில் மட்டுமே சொந்தப் புத்தியைக் கழற்றி வைத்த குறை தொனிக்கிறது. கூட்டக் குறிப்பு எழுதும் செயலாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். “தலைவரின் கருத்துக்கு உறுப்பினர்கள் ஒத்து ஊதினர்” என்று நல்ல எண்ணத்தோடு எழுதினாலும் அது திட்டுத்தான்.

கேள்வி: ஒத்து ஊதுவதும் ஜால்ரா போடுவதும் ஒன்றா?
– வாசகி, தம்பலகாமம்

பதில்: நெருங்கிய உறவு, ஒன்றல்ல. ஜால்ராவில் முகஸ்துதி இருக்கும், ஆதாயமும் இருக்கும், கூடவே சத்தமும் இருக்கும். ஒத்து ஊதுகிறவர் புகழ வேண்டியதில்லை. “ஓம், ஓம்” என்றாலே போதும். ‘பின்பாட்டுப் பாடுதல்’ என்றால் முன்னவர் சொன்ன வசனத்தையே திருப்பிச் சொல்வது. நம் கிழக்கில் கூத்துக்குப் போடும் சல்லாரியும் கைத்தாள வகைதான். ஆனாலும் அதை வைத்து யாரையும் ஏசுவதில்லை. நல்லதாய்ப் போயிற்று.

கேள்வி: “எங்களுக்குச் சுருதி சேரல்ல”, “தாளம் தப்பிப்போச்சு”: எதை எங்கே சொல்வது?
– வாசகர், மூதூர்

பதில்: சுருதி ஒலியின் உயரம், தாளம் காலத்தின் கணக்கு. ஆர்மோனியத்தில் 1 கட்டைச் சுருதியில் ஒருவரும் 1½ கட்டைச் சுருதியில் இன்னொருவரும் பாடினால், தாளம் அச்சொட்டாக இருந்தாலும் காது கூசும். ஆகவே குணம் பொருந்தாத இருவருக்குச் சுருதி சேரவில்லை. குணம் பொருந்தியும், ஒருவர் வலையை இழுக்கும் நேரத்தில் மற்றவர் விட்டுவிட்டால் தாளம் தப்பியது. ‘சுருதி குறைந்தது’ என்றால், உரத்துப் பேசியவர் அடங்கினார் என்று பொருள். ‘சுருதி ஏறியது’ என்பது குடித்தவரைப் பற்றியது. மேடையில் பாடகருக்குச் சொல்லாதீர்கள்.

கேள்வி: எப்போதும் குறை சொல்லி அழுபவரை “முகாரி பாடுகிறார்” என்கிறோம். முகாரி அழுகை ராகமா?
– வாசகி, சாம்பல்தீவு

பதில்: சோகத்துக்கு நன்றாக வரும், அவ்வளவுதான். சபரியின் பாக்கியத்தை வியந்து தியாகராஜர் பாடிய கீர்த்தனையும் முகாரியில்தான் இருக்கிறது. வழக்கில் ஊன்றிவிட்ட தொடர், தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ‘ஒப்பாரி வைக்கிறார்’ என்பதற்குப் பதிலாக வேண்டாம். ஒப்பாரிக்கு ஓர் இழப்பு வேண்டும். முகாரி பாடுகிறவருக்குப் பஸ் பத்து நிமிடம் பிந்தினாலே போதும்.