கால்நடைக் கண் மருத்துவத்தில் ஆசிரியப் பணி: வாசகர் கேள்வி – பதில்

பி.வி.எஸ்சி. (கால்நடை மருத்துவ இளநிலை) இறுதி ஆண்டில் இருக்கிறேன். கண் மருத்துவத்தில் மட்டும் எம்.வி.எஸ்சி. (முதுநிலை) படிக்க முடியுமா?
– ஒரு மாணவி, நாமக்கல்

நம் ஊரில் கண் மருத்துவம், ‘கால்நடை அறுவை சிகிச்சை மற்றும் கதிரியக்கவியல்’ துறைக்குள் அடக்கம். இரண்டாண்டு எம்.வி.எஸ்சி.யும், அடுத்து மூன்றாண்டு பிஎச்.டி.யும் அந்தப் பெயரில்தான். உங்களைக் கண் மருத்துவராக்குவது ஆய்வேட்டுத் தலைப்பும் நீங்கள் பார்த்த கண்களும்தான். உதவிப் பேராசிரியர் வேலைக்கான விளம்பரமும் பெரும்பாலும் ‘அறுவை சிகிச்சை’ என்றே வரும். ஆகவே மாட்டின் வயிற்றறுவையையும் எலும்பு முறிவையும் கைவிட்டுவிடாதீர்கள்.

தலைப்பை முடிவு செய்வதற்கு முன் துறையில் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். அறுவை மைக்ராஸ்கோப், ஸ்லிட் லேம்ப் (கண்ணை ஒளிக்கீற்றில் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி), கண் அழுத்தமானி ஓடுகின்றனவா? கண்புரை நாய்கள் வாரத்துக்கு எத்தனை வருகின்றன? ஃபேகோ கருவி (கண்புரையை மீயொலியால் உடைத்து உறிஞ்சுவது) மூலையில் தூங்கும் இடத்தில் கண்புரைத் தலைப்பு எடுத்தால் இரண்டு ஆண்டில் முடியாது. பக், ஷிட்சு நாய்களின் கருவிழிப் புண், உலர்கண் ஆகியவை எந்த நகரத்திலும் கிடைக்கும். கருவிச் செலவும் குறைவு.

நாய்களின் கண் அழுத்தம் பற்றி ஆய்வு செய்கிறேன். ஒரே நாய்க்கு அளவு ஏறி இறங்குகிறது. கருவிக் கோளாறா?
– ஆய்வு மாணவர், சென்னை

முதலில் பிடிப்பவரைப் பாருங்கள். கழுத்துப் பட்டையை இறுக்கினாலோ, இமையைத் திறக்கும் விரல் கண்கோளத்தை அழுத்தினாலோ அளவு எகிறும். நாய்க்கு இயல்பு 10–25 மி.மீ. பாதரசம். மார்புப் பட்டை போட்டு, தலையைத் தாடையடியில் தாங்கி, இமையை எலும்பு விளிம்பின் மேல் வைத்துத் திறக்கச் சொல்லுங்கள்.

ரீபவுண்ட் கருவி (மெல்லிய ஊசி முனை கருவிழியைத் தொட்டுத் திரும்புவதை வைத்து அழுத்தம் அளப்பது) என்றால் மரப்புச் சொட்டு தேவையில்லை. ஆனால் ஊசி கிடைமட்டமாக, கருவிழியிலிருந்து 4–8 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். உயிரின அமைப்பு நாய்க்கா, குதிரைக்கா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்கவும். முந்தின நாள் யாராவது குதிரை பார்த்துவிட்டு மாற்றாமல் போயிருக்கலாம். அழுத்தம் காலையில் சற்றுக் கூடுதலாகவும் மாலையில் குறைவாகவும் இருப்பது வழக்கம். ஆகவே ஒரே நேரம், ஒரே ஆள், ஒரே கருவி.

பரிசோதனை வரிசையும் முக்கியம். எந்தச் சொட்டும் விடுவதற்கு முன் கண்ணீர் அளக்கும் ஷிர்மர் தாள் (ஒரு நிமிடத்தில் 15 மி.மீ.க்கு மேல் நனைந்தால் இயல்பு, 10க்குக் கீழே, அறிகுறியும் இருந்தால் உலர்கண்), பிறகு அழுத்தம், அதன் பின்னரே கண்மணியை விரிக்கும் 1% டிராபிகமைடு சொட்டு. கண்மணி விரிய 15–20 நிமிடம் ஆகும். முதலிலேயே விரித்துவிட்டு அழுத்தம் அளந்தால் அந்த எண்ணை ஆய்வில் சேர்க்க முடியாது.

இன்னொன்று, தேர்வாளர்கள் பிடிக்கும் இடம்: ஆறு நாய்களின் பன்னிரண்டு கண்களைப் பன்னிரண்டு மாதிரி என்று எழுதாதீர்கள். ஒரே நாயின் இரு கண்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. நாய்க்கு ஒரு கண் எடுங்கள், அல்லது அதற்கேற்ற புள்ளியியல் முறையைப் பயன்படுத்துங்கள். கண் தெளிந்ததும் உரிமையாளர் மறுபரிசோதனைக்கு வரமாட்டார் என்பதையும் கணக்கில் வைத்துக் கூடுதல் நாய்களைச் சேருங்கள்.

கருவிழித் தையல் பழக எளிய வழி?
– கால்நடை மருத்துவர், தஞ்சாவூர்

பன்றிக் கண். இறைச்சிக்கூடத்தில் வெந்நீரில் தோய்க்கும் முன்பே எடுத்துத் தரச் சொல்லுங்கள். தோய்த்தால் கருவிழி வெளுத்துவிடும். குளிர்ப்பெட்டியில் வைத்து அன்றே பயன்படுத்துங்கள். தொய்ந்திருந்தால் மெல்லிய ஊசியால் சலைன் ஏற்றி விறைப்பாக்கலாம். 8-0 அல்லது 9-0 அளவுள்ள மிக மெல்லிய நூல். விளிம்பிலிருந்து சுமார் 1 மி.மீ.; ஆழம் கருவிழித் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு. மேலோட்டமாகப் போட்டால் கிழிந்து வரும், முழுதும் துளைத்தால் கண்ணுக்குள் இருக்கும் நீர் கசியும். மணிக்கட்டுக்குத் தாங்கல் இல்லாமல் மைக்ராஸ்கோப்பில் உட்காராதீர்கள்.

அமெரிக்காவில் ரெசிடென்சி (சிறப்பு நிபுணர் பயிற்சி) கிடைக்குமா?
– திருநெல்வேலி வாசகர்

கடினம், ஆனால் வழி உண்டு. ஓராண்டு பொதுப் பயிற்சி, பிறகு மூன்றாண்டு கண் ரெசிடென்சி, அதன் பின் வாரியத் தேர்வு. நம் கல்லூரிகளுக்கு அமெரிக்க அங்கீகாரம் இல்லாததால், உரிமம் கேட்கும் இடங்களுக்கு ஈ.சி.எஃப்.வி.ஜி. போன்ற, வெளிநாட்டுக் கால்நடைப் பட்டதாரிகளுக்கான சமநிலைத் தேர்வுகளும் வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் உரிமம் கேட்பதில்லை; அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள்.

ஆராய்ச்சிப் பக்கம் போனால்?
– அதே வாசகர்

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கஸ்டாவோ அகிரே கால்நடை மருத்துவரும் பிஎச்.டி.யும். 2001இல், பிறவிக் குருடான, பிரியார்ட் இன வழி வந்த நாய்களின் விழித்திரையில், பார்வைக்குத் தேவையான ஆர்.பி.ஈ.65 மரபணுவைச் செலுத்திப் பார்வையை மீட்ட குழுவில் இருந்தார். அதே மரபணுவைத் தரும் லக்ஸ்டுர்னா என்ற மரபணு சிகிச்சை மருந்தை 2017 டிசம்பரில் அமெரிக்கா மனிதருக்கு அனுமதித்தது. அந்தத் திசை பிடித்திருந்தால், பரம்பரைக் குருடு என்று சந்தேகிக்கும் ஒவ்வொரு நாய்க்கும் விழித்திரைப் படம், தாய்–தந்தை விவரம், உரிமையாளர் ஒப்புதலுடன் ஈ.டி.டி.ஏ. குழாயில் (ரத்தம் உறையாமல் காப்பது) இரண்டு மி.லி. ரத்தம் ஆகியவற்றை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். குழாயில் தேதியும் நாயின் எண்ணும் அழியாத மையில் இருக்கட்டும்.