பரிசோதனை நாளுக்கு மட்டும் டீசல் பம்பைக் குறைக்கலாமா?

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பழைய டீசல் வேன் ஒன்று வைத்திருக்கிறேன். இந்த வருடம் புகைப் பரிசோதனையில் தேறவில்லை. எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்பைக் கொஞ்சம் குறைத்துச் சான்றிதழ் எடுப்போம், பிறகு பழையபடி கூட்டித் தருகிறேன் என்கிறார் கராஜ் பாஸ். சரிவருமா? காலி வீதியில் பஸ்கள் கரும்புகை கக்கிக்கொண்டு போகும்போது என் ஒரு வேனைத் திருத்தி என்ன பயன்?"

சான்றிதழ் கிடைக்கலாம். ஆனாலும் அதைச் செய்யவேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பரிசோதனையில் வேனை நியூட்ரலில் வைத்து எக்ஸலேற்றரைச் சட்டென்று முழுதாக மிதிப்பார்கள். சைலன்சர் குழாயில் செருகிய கருவி, வெளிவரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று அளக்கும். பம்பைக் குறைத்தால் உள்ளே போகும் டீசல் குறையும், புகையும் குறையும். பழுது அப்படியே இருக்கும். இழுவை போதாமல் மறுநாளே பம்பைக் கூட்டுவீர்கள். அன்றே கரும்புகையும் திரும்பிவிடும்.

கரும்புகை என்பது முழுதாக எரியாத டீசல், அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. முதலில் எயார் ஃபில்டரைப் பாருங்கள். அடைத்திருந்தால் மாற்றுங்கள், செலவு குறைந்த வேலை அதுதான். அப்புறம் நொசில்கள். நல்ல நொசில் டீசலைப் பனிமூட்டம் போலத் தூவும். தேய்ந்தது சொட்டுச் சொட்டாக விடும். பெரிய சொட்டு உள்வரை எரியாமல் கரியாகும். கழற்றி, டீசல் பம்ப் திருத்துமிடத்தில் கருவியில் மாட்டித் தூவிப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகு டைமிங், அதாவது டீசல் தூவப்படும் நேரம். பம்பைத் தொடுவது கடைசியில், அதுவும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு. புகை நீலமாக வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. அது வேறு வேலை. மறுபரிசோதனைக்கு எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே போங்கள், குளிர்ந்த எஞ்சின் கூடுதலாகப் புகைக்கும்.

சுப்பர் டீசல் போட்டால் தீருமா என்றும் பலர் கேட்கிறார்கள். அதில் கந்தகம் குறைவு, நல்லதுதான். ஆனால் தேய்ந்த நொசிலை அது திருத்தாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கொழும்பில் காற்றுக்காக அரசாங்கமும் வியாபாரத் துறையும் சேர்ந்து செய்தவை வீண்போகவில்லை. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. பெற்றோலோடு ஒயிலையும் எரித்துப் புகைக்கும் இரண்டு ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி 2008இல் நின்றது. அதே ஆண்டில் மேல் மாகாணத்தில் புகைப் பரிசோதனை தொடங்கியது. எல்லை அளவுகளை அரசாங்கம் விதிக்கிறது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் மேற்பார்வை செய்கிறது, தனியார் கம்பனிகள் பரிசோதிக்கின்றன. சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. எரிபொருளும் வண்டியும் பரிசோதனையும் ஒன்றாகத் திருந்தினால்தான் பலன். இந்தச் சங்கிலி அறுவது பெரும்பாலும் கராஜில்தான், 'இன்றைக்கு மட்டும்' என்று பம்பைத் தொடும் இடத்தில். நீங்கள் சொன்ன பஸ்களில் சிலவும் அப்படித்தான் சான்றிதழ் வாங்கியிருக்கும். வருடத்துக்கு ஒரு பரிசோதனை அவற்றைப் பிடிக்காது, தெருவில் மறித்துப் பார்க்கும் சோதனை பெருகவேண்டும். புகை கக்கும் வண்டியின் இலக்கத்தைத் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம், அறிவியுங்கள்.

பி.எம் 2.5 எனும் நுண்துகளுக்கு நம் நாட்டு வருடாந்த எல்லை கனமீற்றருக்கு 25 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் நாட்டுக்கு வெளியிலிருந்தும் அழுக்குக் காற்று வருகிறது. அதை நாம் மறிக்க முடியாது. ஆனால் டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் உறுதிப்படுத்தியிருக்கிறது. உங்கள் வேனைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளின் மூக்கு, பெரியவர்களின் மூக்கைவிடச் சைலன்சருக்குக் கிட்ட இருக்கிறது.

ஆகவே திருத்தியபின் பரிசோதனை அறிக்கையை எறியாமல் வையுங்கள். அடுத்த வருடம் அந்த எண்ணோடு ஒப்பிட்டால் நொசில் மறுபடி தேய்கிறதா என்று தெரியும். பாடசாலை வாசலில் மணி அடிக்கும்வரை காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.