கூலிக்காரர் வீட்டில் ஒரு வேலைக்காரி

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்துக்குப் பிழைக்கப் போன அயர்லாந்துக்காரர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின், ஸ்காட்லாந்தின் தென்கிழக்கிலுள்ள பெர்விக்‌ஷயரின் 1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு பக்கத்தைப் பார்த்தேன். பண்ணைத் தொழிலாளி, மனைவி, மூன்று பிள்ளைகள். ஜன்னல் உள்ள அறை ஒன்றே ஒன்று. ஆனால் அவர்களோடு 17 வயதில் ஒரு 'வேலைக்காரி'! மனைவிக்குத் தொழில் எதுவும் குறிக்கப்படவில்லை. அயர்லாந்தின் பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்கள் வேலைக்காரி வைத்துக்கொள்ளும் அளவுக்கா வாழ்ந்தார்கள்?

மதுரையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு வசதியின் அடையாளமாகத் தோன்றும் அந்தப் பெண்தான் அந்த வீட்டின் பெரிய சுமை. அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தின் தென்கிழக்கில் ஆண்டு ஒப்பந்தத்தில் அமர்ந்த பண்ணையாள், பண்ணையார் கேட்கும் நாளெல்லாம் வயலில் இறங்க ஒரு பெண்ணையும் கொண்டுவர வேண்டியிருந்தது. அவளை 'பாண்டேஜர்' என்றார்கள். வளர்ந்த மகளோ தங்கையோ இருந்தால் பிழைத்தான். இல்லாவிட்டால் ஆள் அமர்த்தும் சந்தையில் ஒருத்தியைத் தேடிக் கூலி பேசி, தன் வீட்டிலேயே இடமும் சாப்பாடும் கொடுக்க வேண்டும். அவள் உழைத்த நாளுக்கு மட்டுமே பண்ணையார் காசு தருவார். பனியில் வேலை நின்றால் நஷ்டம் பண்ணையாளுக்கு. அவன் கூலியிலும் பெரும்பகுதி காசு அல்ல: ஓட்ஸ், பார்லி, பட்டாணி ஆகியவையும், உருளைக்கிழங்கு போட்டுக்கொள்ளச் சில சால் நிலமும்தான். அந்தப் படியில்தான் அவளும் சாப்பிட்டாள். பலகையடித்த பெட்டிக் கட்டில்களைத் தடுப்பாக நிறுத்திய அந்த ஒற்றை அறையில்தான் அவளும் உறங்கினாள். வயலில் முதுகொடியக் களை எடுத்தவளை 'வேலைக்காரி' என்ற ஒரு சொல்லில் அடைத்துவிட்டார்களே என்று எனக்கு ஆறவில்லை.

மனைவியின் கட்டம் காலியாக இருப்பதையும் நம்பிவிடாதீர்கள். குடியிருப்பின் வாடகையை அறுவடையில் கூலியில்லாமல் கதிர் அறுத்துக் கழித்தவள் பெரும்பாலும் மனைவிதான். கணக்கெடுப்பு நடந்ததோ ஏப்ரல் 7ஆம் தேதி. கதிர் அறுப்பு ஆகஸ்டு, செப்டம்பரில். கிழங்கு தோண்டுவது அக்டோபரில். ஒரு நாள் கணக்கில் ஓராண்டு உழைப்பு எப்படிச் சிக்கும்? கோடையில் மட்டும் கப்பலேறி வந்து போன அயர்லாந்து அறுவடைக்காரர்களும் இதனால்தான் ஏட்டில் விடுபட்டுப் போனார்கள்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தில் என்னைக் கலக்கியது பிறந்த ஊர்க் கட்டம். 10 வயது மூத்த மகள் பிறந்தது அயர்லாந்து. அடுத்த இரு பிள்ளைகளும் ஸ்காட்லாந்தின் வெவ்வேறு பாரிஷ்களில், அதாவது தேவாலய வட்டாரங்களில். வீடு வேலையோடு சேர்ந்தது. ஒப்பந்தம் முடிந்தால், மே மாதம் கட்டில்களை வண்டியிலேற்றி அடுத்த பண்ணைக்குப் போக வேண்டியதுதான். 1845ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து ஏழைகள் சட்டமோ, ஒரே பாரிஷில் தொடர்ந்து ஐந்தாண்டு வாழ்ந்தால்தான் குடியுரிமைபோல் ஒரு பிடிமானம் தந்தது. அது இல்லாத அயர்லாந்துக்காரர் நோயில் விழுந்து உதவி கேட்டால், குடும்பத்தோடு அயர்லாந்துக்கே திருப்பி அனுப்பிவிட முடியும். பிழைப்புக்காகப் பண்ணை மாறியவர்களுக்கு, அந்த மாற்றமே பிடிமானத்தைப் பறித்தது.

அந்த மூத்த மகளைத்தான் நான் அடுத்துத் தேடுவேன். அவள் வளர்ந்ததும் வெளிப்பெண் தேவைப்பட்டிருக்காது. 1871ஆம் ஆண்டுப் பக்கத்தில் குடும்பம் அகப்பட்டால், அவள் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்.