ஊர் கூடிக் கண்மாயை எடுத்துச் செய்வது: கேள்வி பதில்

மதுரை, சிவகங்கைப் பக்கம் கண்மாய் (ஏரி) பாசனச் சங்கங்களோடு பல வருடமாக அலைகிறவன் நான். "கண்மாய் வேலை பற்றி எதுவானாலும் கேளுங்கள்" என்று சொன்னதற்கு வந்த கேள்விகளில் சில.

எங்கள் ஊர் இளைஞர்கள் கண்மாயைத் தூர்வாரப் பணம் சேர்த்திருக்கிறோம். ஜேசிபியை எங்கே இறக்குவது? (மேலூர் பக்கம்)

கண்மாய்க்குள் இறக்காதீர்கள். முதலில் வரத்துக்காலை, அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை, ஆரம்பம் முதல் கடைசிவரை நடந்து பாருங்கள். போகும்போது ஊரில் நீர்க்கட்டியாக (வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவராக) இருந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு ஊரில் அப்படி நடந்தபோது, களத்துக்கு டிராக்டர் போக யாரோ வரத்துக்காலை மூடிப் பாதை போட்டிருந்தார்கள். தண்ணீர் போக அடியில் ஒரே ஒரு சிமெண்ட் குழாய், அதிலும் பாதி மண். அந்த ஊர்க்காரர்கள் அதுவரை கண்மாயைத்தான் ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள்! குழாயை எடுத்துவிட்டுச் சிறு பாலம் கட்டினோம். அந்த ஐப்பசியிலேயே தண்ணீர் வந்தது.

வரத்துக்கால் சரியான பிறகு உள்ளே தோண்டலாம். ஆனால் மடையின் (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகின்) அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. மாடு குடிக்கும், கிணறு ஊறும், அவ்வளவுதான். கரையை ஒட்டியும் தோண்டக் கூடாது, கரை சரிந்துவிடும்.

அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்?

ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். வயலுக்கு வண்டல் அள்ள 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார், கலெக்டர் ஆபீஸுக்கு அலைய வேண்டாம்.

ஆக்கிரமித்திருப்பவர் என் பங்காளி. என்ன செய்ய? (திருப்புவனம்)

சங்கடம்தான். கிராம சபைத் தீர்மானத்தில் ஆள் பெயரைப் போடாதீர்கள், புல எண்ணை மட்டும் போடுங்கள். "இன்ன புல எண்ணில் உள்ள வரத்துக்காலை அளந்து கல் நடவேண்டும்" என்று எழுதினால் போதும். சர்வேயர் வந்து அளந்தபின் அது ஊருக்கும் அரசுக்குமான விஷயம் ஆகிவிடும். ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் நோட்டீஸ் போவதற்குள் பெரியப்பா, சித்தப்பா யாரையாவது விட்டுப் பேசிப் பாருங்கள்.

ஒரு கம்பெனி முழுச் செலவையும் தருகிறேன் என்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தாக வேண்டும். ஆனால் முழுவதையும் வாங்காதீர்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஊரிலும் ஒரு பங்கு வசூலியுங்கள். கைக்காசு போட்டவன்தான் கலிங்கில் (கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழியும் இடத்தில்) விரிசல் விட்டால் ஓடிவந்து சொல்வான். மதுரையில் தானம் அறக்கட்டளை வயலகங்கள் என்ற விவசாயிகள் சங்கங்களை அமைத்துச் செய்யும் வேலையிலும் மக்கள் பங்கு உண்டு.

அந்தக் காலத்தில் குடிமராமத்துக்கு (ஊரே கூடிக் கண்மாயைச் செப்பனிடும் வேலைக்கு) எல்லாரும் தானாக வந்தார்களாமே?

எல்லாரும் என்று சொல்ல முடியாது. அப்படி வந்திருந்தால் 1858இல் வெள்ளைக்காரன் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டிருக்க மாட்டான்.

மேல் கண்மாய்க்காரர்கள் கலிங்கில் மணல்மூட்டை அடுக்கி மறுகால் தண்ணீரை (வழிந்துவரும் மிச்சத் தண்ணீரை) எங்களுக்கு விடுவதில்லை. போலீஸில் சொல்லலாமா?

சொல்லலாம், மூட்டை அன்றைக்கு இறங்கும், மறுவாரம் ஏறும். அவர்கள் ஏன் அடுக்குகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். நான் பார்த்த ஒரு இடத்தில் மேல் ஊர் மடையின் ஷட்டர் துருப்பிடித்து, ராப்பகலாக ஒழுகிக்கொண்டிருந்தது. தை மாதம் பயிருக்குத் தண்ணீர் நிற்காதே என்ற பயத்தில்தான் மூட்டை அடுக்கினார்கள். கடைசியில் கீழ் ஊர்ச் சங்கம் தன் பணத்தில் மேல் ஊருக்குப் புது ஷட்டர் போட்டுக் கொடுத்தது. "நம்ம காசை அவனுக்கா?" என்று கூட்டத்தில் பெரிய சத்தம். அடுத்த மழைக்கு மறுகால் பாய்ந்தது. இப்போது ஷட்டருக்கு கிரீஸ் வாங்குவது எந்த ஊர் என்பதில்தான் சண்டை.