பாஸ்கிங் சுறாவுக்கு அருகே கயாக்கில் போகலாமா?

கேள்வி: ஆகஸ்டில் குடும்பத்தோடு ஸ்காட்லாந்தின் கோல் தீவுக்குப் போகிறோம். வாடகைக் கயாக்கில் போனால் பாஸ்கிங் சுறாவைப் பார்க்க முடியுமா? 14 வயது மகனைக் கூட்டிப்போவது ஆபத்தா?

பதில்: பாஸ்கிங் சுறா என்பது மிகச் சிறிய கடலுயிரிகளைத் தின்னும் பெரிய சுறா. இடமும் மாதமும் சரிதான். கோலுக்கும் பக்கத்துத் தீவான டைரீக்கும் நடுவிலுள்ள குன்னா நீரிணையில் ஜூலை, ஆகஸ்டில்தான் இவை அதிகம் தென்படும். பார்க்கக் கிடைப்பது காற்றைப் பொறுத்தது. காற்றின் வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 3ஐத் தொட்டுவிட்டால் அலைநுரை சுறாவின் முதுகுத் துடுப்பை மறைத்துவிடும். இரை ஆழத்தில் இருந்தால் சுறாவும் மேலே வராது. ஆகவே ஒரு நாளை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

முதலில் மேடான கரையில் நின்று 8x42 பைனாகுலரில் தேடுங்கள். இரண்டு நீரோட்டங்கள் சந்தித்து நுரையும் பாசியும் வரிசையாக ஒதுங்கும் கோட்டைக் கவனியுங்கள். கலானஸ் என்னும் சில மில்லிமீட்டர் நீள உயிரிகள் அங்கேதான் திரளும். அவற்றைத் தின்ன சுறா வாயைப் பிளந்தபடி மெதுவாக நீந்தும். மூக்கு நுனி, முதுகுத் துடுப்பு, பக்கவாட்டில் ஆடும் வால் நுனி மூன்றும் ஒரே நேர்கோட்டில் தெரியும். துடுப்பு வளைந்து எழும்பி உடனே மறைந்தால் அது டால்பினாகவோ மிங்கி திமிங்கிலமாகவோ இருக்கும்.

இது மனிதரைக் கடிக்காது. ஆனால் 6 முதல் 8 மீட்டர் நீள உடம்பு திடுக்கிட்டு வாலை வீசினால் கயாக் கவிழும். கயாக் சத்தமில்லாமல் நெருங்குவதுதான் சிக்கல். எனவே அதன் பாதையில் குறுக்கே போகவோ பின்தொடரவோ கூடாது. எல்லாக் கயாக்குகளும் சுறாவின் ஒரே பக்கமாகச் சேர்ந்து, விலகி அசையாமல் இருங்கள். அதுவாக அருகே வந்தால் வரட்டும். சுற்றி வளைப்பது மிகப் பெரிய தவறு. பல சுறாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நீந்தினால் அது இணைதேடலாக இருக்கலாம். அந்த இடத்தை விட்டு விலகுங்கள். மோட்டார் படகானால் 100 மீட்டருக்குள் எஞ்சினை நியூட்ரலில் போட வேண்டும். நீந்துபவர்கள் 4 பேருக்கு மேல் வேண்டாம், சுறாவிலிருந்து 4 மீட்டர் இடைவெளி வேண்டும். தொடக்கூடாது, தோல் உப்புத்தாள்போல் கையைச் சிராய்க்கும். உங்கள் மகனுக்குச் சுறாவைவிடக் குளிர்நீர்தான் ஆபத்து. ஆகஸ்டிலும் கடல் 13, 14 டிகிரிதான்; குளிர் தாங்கும் உடையான வெட்சூட்டும் லைஃப் ஜாக்கெட்டும் கட்டாயம்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று தோன்றலாம். ஈரல் எண்ணெய்க்காக அயர்லாந்தின் அக்கில் தீவில் மட்டும் 1947 முதல் 1975 வரை 12,000க்கும் மேற்பட்ட பாஸ்கிங் சுறாக்கள் கொல்லப்பட்டன. கனடாவின் பசிபிக் கரையில் வலையைக் கிழிக்கிறது என்று அரசுப் படகின் முகப்பில் கத்தி பொருத்தியே வெட்டினார்கள். மெதுவாக வளரும் மீன் இவ்வளவு இழப்பிலிருந்து எளிதில் மீளாது. பிரிட்டனில் 1998 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஸ்காட்லாந்தில் அஜாக்கிரதையாகத் தொந்தரவு செய்வதும் குற்றம்.

கரையில் நீண்ட கழுத்தும் சின்னத் தலையுமாக அழுகிய உடல் கிடந்தால் கடல் பூதம் என்று எண்ணவேண்டாம். அது பாஸ்கிங் சுறாவாக இருக்கலாம். அழுகும்போது அதன் தாடையும் செவுள் வளைவுகளும் முதலில் கழன்று விழுவதால், மண்டையோடும் முதுகெலும்பும் மட்டும் மிஞ்சும். 1808இல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் ஒதுங்கிய ஸ்ட்ரான்சே விலங்கையும் இப்படித்தான் பூதமாக்கினார்கள். அதற்கு ஆறு கால் என்றார்கள். துடுப்புகளும் ஆண் சுறாவின் இணைவு உறுப்புகளுமே அந்தக் கால்கள்.

உயிரோடு பார்த்தால் முதுகுத் துடுப்பை இரு பக்கமும் படமெடுங்கள். அதிலுள்ள வெட்டும் வடுவும் வைத்தே தனிச் சுறாவை அடையாளம் காண்கிறார்கள். நேரம், இடம், எண்ணிக்கையோடு ஷார்க் டிரஸ்ட், ஹெப்ரிடியன் வேல் அண்ட் டால்பின் டிரஸ்ட் ஆகிய பாதுகாப்பு அமைப்புகளில் ஒன்றுக்கு அனுப்புங்கள்.